கேணலைத் தவமலருக்குப் பிடிக்கவில்லை

டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் நின்றவள் தவமலர். அவளுடைய சண்டைகள் எல்லாம் உயிரோடிருக்கிறவர்களோடுதான்: மேற்பார்வையாளனோடு, கொமூனா என்கிற நகரசபையின் கடிதங்களோடு, பேருந்து ஓட்டிப் பென்ஷன் எடுத்த புருஷன் நாகேந்திரத்தோடு. நூறு வருடத்துக்கு மேலாகச் செத்துக் கிடக்கிற ஓர் அமெரிக்கக் குதிரைப்படைக் கேணலோடும் மல்லுக்கட்ட வேண்டி வருமென்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் வலது தோள். குளிர் அறையில் ஒரே அசைவை ஆயிரம் ஆயிரம் தரம் செய்ததில் தசைநார் கிழிந்துவிட்டது. இரண்டு சத்திரசிகிச்சைக்குப் பிறகும் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. கொமூனாவில் அவளுடைய கோப்பைப் பார்த்த பெண், பாரம் தூக்கக்கூடாது, குளிரில் நிற்கக்கூடாது, கையை உயர்த்தக்கூடாது என்று பட்டியலை வாசித்துவிட்டுக் கடைசியில் கேட்டாள்:

“பழைய காகிதம் பாரமில்லைத்தானே?”

அப்படித்தான் தவமலர் கிழமைக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு வெஸ்டர்லுண் என்ற சிற்றூரின் ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தாள். எஸ்பியர்க்கிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். மூடிப்போன பள்ளிக்கூடத்தில் இரண்டு அறைகள், ஒரு கோப்பி மெஷின், ஓய்வுபெற்ற ஐந்தாறு பேர். அவர்களுக்குத் தலைவர் ஹென்னிங், முன்னாள் பள்ளிக்கூட ஆசிரியர். நல்ல மனிதர்தான். ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் கோப்பி போடுகிறவர்.

அவளுக்குக் கொடுத்த வேலை, பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணுவது. மெஷின் உறுமிக்கொண்டு ஊர்கிற நேரத்தில் அவள் கடிதத்தைப் பார்த்தாள். ஓர் எழுத்தும் விளங்கவில்லை.

“இது என்ன பாஷை?”

“டேனிஷ்தான்” என்றார் ஹென்னிங். “அந்தக் காலத்தில் எழுதிய ‘கொதிக்’ என்ற பழைய கையெழுத்து. பாட்டன்மாரோடு போய்விட்டது. எனக்கே வாசிக்க வராது.”

அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டாள். “பாருங்கோவன், மூண்டு வருஷம் பள்ளிக்கூடம் போய், தொண்டை நோகநோக இவங்கட பாஷையைப் படிச்சன். இப்ப பாத்தா இன்னொண்டைப் பின் அறையில ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்!”

“உமக்கு ஏன் அது?” என்றார் நாகேந்திரம். “ஸ்கேன் பண்ணச் சொன்னா ஸ்கேன் பண்ணிப்போட்டு வாருமன்.”

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பாள். அடுத்த நாளே எழுத்து அட்டவணை ஒன்றை அச்சிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். அதில் e என்பது n போல இருந்தது. H மேலேயும் கீழேயும் வால் விட்டிருந்தது. S எழுத்துக்கு மூன்று வேஷம். இரண்டு பனிக்காலம் போனது. மூன்றாவதில், அந்த வட்டாரத்திலேயே கொதிக் கையெழுத்தை அவளைப்போல வாசிக்க ஆளில்லை என்றாகிவிட்டது. டேனிஷ்காரர் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் சொல்லை ஊகித்துவிடுவார்கள், ஊகித்துப் பிழை விடுவார்கள். அவளுக்கு ஊகிக்கத் தெரியாது. ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்துப் பிடித்துத்தான் போவாள். மீனில் முள் எடுத்த கை.

இப்படியிருக்கும்போதுதான் கேணல் வந்தார்.

வந்தது ஒரு சப்பாத்துப் பெட்டியில். பழைய பண்ணை வீடொன்றை விற்ற குடும்பம் பரணில் கிடந்ததைக் கொண்டுவந்து கொடுத்தது. முப்பத்தொரு கடிதம், எல்லாம் யென்ஸ் தோகர்சன் என்பவன் அமெரிக்காவிலிருந்து தன் தமையனுக்கு எழுதியவை. யென்ஸ் 1859-இல் இருபத்துமூன்று வயதில் வெஸ்டர்லுண்ணை விட்டுப் போனவன். உள்நாட்டுப் போரில் விஸ்கான்சின் குதிரைப்படையில் சேர்ந்து லெப்டினன்ட், கப்டன், மேஜர், கேணல் என்று ஏறியிருக்கிறான். போர் முடிந்து அரசியலில் இறங்கி மாநிலச் சட்டசபைக்கும், பிறகு இரண்டு தடவை மாநில செனட்டுக்கும் தெரிவாகியிருக்கிறான். கடைசிவரைக்கும் எல்லோரும் கூப்பிட்டது கேணல் என்றுதான்.

ஹென்னிங்குக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “நம்முடைய செனட்டர், தவா! நம்முடைய கேணல்!” தவமலர் என்ற முழுப் பெயர் அவருடைய வாயில் ஒருநாளும் நுழைந்ததில்லை. திட்டம் தடதடவென்று வளர்ந்தது. தேவாலயத்துக்கு முன்னால் ஒரு நினைவுக்கல். வருகிற ஜூலை நான்காம் தேதி திறப்பு விழா. அமெரிக்காவிலிருந்து கேணலின் வாரிசுகள் வருவார்கள். கடிதங்களையெல்லாம் தவமலர் வாசித்துத் தட்டச்சுப் பண்ண, ஹென்னிங் முன்னுரை எழுதி ஒரு கையேடு போடுவார்.

மூன்றாவது கடிதத்திலேயே அவளுக்குக் கேணலைப் பிடிக்காமல் போய்விட்டது.

தன்னைத் தவிர வேறு கதை இல்லாத மனிதன். சேணம் சரியில்லை, மேலதிகாரி மடையன், தனக்கு வரவேண்டிய பதவியை எவனோ ஒரு வழக்கறிஞரின் மகன் தட்டிக்கொண்டு போய்விட்டான். இதுதான் பக்கம் பக்கமாக. தமையன் வீட்டில் பிள்ளை செத்துப்போன செய்திக்கு ஒன்றரை வரி. புதுச் சீருடையில் எடுத்த படத்துக்கு ஒன்றரைப் பக்கம்.

பிறகு தொடை விஷயம். 1863-ஆம் ஆண்டுக் கடிதத்தில், தண்ணீர்த் தொட்டியடியில் தன்னுடைய குதிரையே தன் தொடையில் உதைத்து மூன்று கிழமை படுத்துக் கிடந்ததாக அவனே எழுதியிருக்கிறான். 1872-இல் தமையனுக்கு ஒரு தேர்தல் துண்டுப்பிரசுரத்தை மடித்து அனுப்பியிருந்தான். அது ஆங்கிலம். மருந்துக்கடையில் வேலை செய்கிற தன் மகள் கஜந்தியிடம் தவமலர் அதை வாசிக்கக் கொடுத்தாள்.

கஜந்தி வாசித்து விளக்கினாள்: “‘எதிரியின் வாள் தொடையைக் கிழித்தபோதும் குதிரையை விட்டு இறங்காத மாவீரர்’ எண்டு போட்டிருக்கு, அம்மா.”

தவமலர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டாள். “கோதாரியில போவான்! குதிரைதானே உதைச்சது! இவனே எழுதியிருக்கிறான், நான் வாசிச்சனான்!”

“Mor, அவர் செத்திட்டார்” என்றாள் மகள், அம்மா என்பதை மட்டும் டேனிஷில்.

அதோடு நின்றதா? ஒரு தேர்தலில் மதுவைத் தடைசெய்ய வேண்டுமென்று பேசுகிறான். அடுத்த தேர்தலில் ஜேர்மன்காரரின் பியர்க் கடைகளுக்காகக் கண்ணீர் வடிக்கிறான். இரண்டுக்கும் நடுவில் கட்சி மாறியதைக் குதிரை மாற்றின மாதிரி ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போகிறான். தவமலர் தட்டச்சுப் பண்ணும்போதே வாய்விட்டுத் தமிழில் திட்டுவாள். பக்கத்து மேசையில் இருந்த கிழவர்கள் அவள் பிரார்த்தனை செய்கிறாள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஒரேயொரு கடிதத்தில் மட்டும் அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. ஏதோ ஓர் ஆற்றைக் கடக்கும் இடத்தில் நடந்த சண்டைக்கு அடுத்த நாள் எழுதியது. கால் முறிந்து கிடந்த பதினொரு குதிரைகளைத் தன் கையாலேயே சுட வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தான். எழுத்துகள் கோணிப்போயிருந்தன. வீரக்கதை இல்லை, பதவி இல்லை. ஒவ்வொரு குதிரையின் பெயரையும் எழுதியிருந்தான். அவ்வளவுதான். அதை அவள் இரண்டு தரம் வாசித்தாள். அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. இவ்வளவு நேராக எழுதத் தெரிந்தவன் மற்றதையெல்லாம் ஏன் இப்படி எழுதித் தொலைத்தான்?

இன்னொன்றும் அவளை அரித்தது. பல கடிதங்களின் முடிவில் ஒரே வரி: “M-க்குச் சொல், வசந்தத்தில் எழுதுகிறேன்.” எண்ணிப் பார்த்தாள், பதினாலு வசந்தம் போயிருந்தது.

“யார் இந்த M?” என்று ஹென்னிங்கிடம் கேட்டாள்.

“யாராவது மாமியாக இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் கோப்பி போடப் போனார்.

பதில் விஸ்கான்சினிலிருந்து வந்தது. கேணலின் வழியில் ஐந்தாம் தலைமுறையான பெவர்லி என்ற எழுபத்திரண்டு வயதுப் பெண், விழாவுக்கு வரப்போகிறவள், ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். கேணலின் எழுத்து மேசைக்குள் நாடாவால் கட்டியிருந்த இருபத்தேழு கடிதங்களின் படங்களை அதோடு இணைத்திருந்தாள். குடும்பத்தில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. கேணலின் தாய் எழுதியவை என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய ஆவலாக இருக்கிறது.

தவமலர் முதல் கடிதத்தைத் திறந்தாள். முதல் வரியை ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்தாள். “அன்புள்ள கணவனுக்கு.”

எழும்பிப் போய்த் தேவாலயப் பதிவேட்டை எடுத்தாள். 1857, யென்ஸ் தோகர்சனுக்கும் மாரென் லவுரிட்ஸ்தாத்தருக்கும் திருமணம். 1859 இலையுதிர்காலம், மகள் ஞானஸ்நானம், தகப்பன் அமெரிக்காவில். பெவர்லி முன்பே அனுப்பியிருந்த வம்ச வரைபடத்தில் கேணலின் திருமணம் 1866, மா ஆலைக்காரர் ஒருவரின் மகளோடு. மாரென் இறந்ததோ 1904-இல், பக்கத்துப் பண்ணையொன்றில் பால் கறக்கிறவளாக.

இருபத்தேழு கடிதத்தையும் வாசித்து முடிக்க ஒரு மாதம் எடுத்தது. மாரென் அழுது எழுதுகிறவள் இல்லை. பசு கன்று போட்டது, பிள்ளை நடக்கிறது, கப்பல் சீட்டு எப்போது வரும். அடுத்ததில், பிள்ளைக்குப் பல் விழுந்துவிட்டது, கப்பல் சீட்டு எப்போது வரும். அதற்குப் பிறகு சீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அவளைக் கட்ட ஒருவன் ஆயத்தமாக இருக்கிறான். ஆனால் பாதிரியார் மாவட்ட அதிகாரியிடம் போகச் சொல்கிறார். அதிகாரி கணவனின் கையெழுத்துக் கொண்டுவரச் சொல்கிறார். 1874-இல் எழுதிய கடைசிக் கடிதம் நாலே வரி:

“யென்ஸ், உன்னால் எழுத முடியாவிட்டால், நீ செத்துவிட்டாய் என்று வேறு யாரையாவது எழுதச் சொல். இங்கே தாள் முழுமையில்லை என்கிறார்கள். எனக்கு நீ வேண்டாம். தாள் போதும். மாரென்.”

தாளுக்காகக் காத்திருப்பது தவமலருக்குத் தெரியாத விஷயம் இல்லை. நாகேந்திரம் டென்மார்க்குக்கு வந்த பிறகு அவள் சாவகச்சேரியில் இரண்டு வருடத்துக்கு மேல் விசாவுக்குக் காத்திருந்தாள். அந்த நாட்களில் கொப்பன்ஹேகனில் தமிழ்க் குடும்பங்களின் கோப்புகளைக் கிடப்பில் போட்டு வைத்திருந்தார்கள். பிறகு அது பெரிய விவகாரமாகி ஓர் அரசாங்கமே போனது. அது போனதால் அவளுக்கு அந்த இரண்டு வருடம் திரும்பி வரவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் அவள் பொரிந்து தள்ளினாள். நாகேந்திரம் கறியைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவன் செத்து எவ்வளவு காலம். உமக்கு ஏன் பிறசர் ஏறுது?”

“ரெண்டு வருஷம் உங்களைப் பாத்துக்கொண்டிருந்தவள் நான். எனக்கு ஏறாம வேற ஆருக்கு ஏறும்?”

“நான் எழுதினனான்தானே, தவம்! கிழமைக்கு ஒண்டு எழுதினனான்!”

“எழுதினியள். அதாலதான் இண்டைக்கு உங்களுக்கு மீன்குழம்பு.”

அடுத்த நாள் ஹென்னிங்கிடம் மாரெனின் கடிதங்கள் எல்லாவற்றையும் அச்சிட்டுக் கொடுத்தாள். அவர் வாசித்தார். கோப்பியை மறந்து இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “இது கையேட்டில் வர முடியாது, தவா. கல் செய்யக் கொடுத்தாகிவிட்டது. நகர முதல்வர் வருகிறார். அதோடு இது ஒருவருடைய தனிப்பட்ட விஷயம்.”

“கேணலின் தொடை தனிப்பட்டது இல்லையா?”

“அது வேறு.”

“பெவர்லி ஒவ்வொரு கிழமையும் கேட்கிறாள். என்ன சொல்வது?”

“பொதுவாகக் குடும்ப விஷயங்கள் என்று சொல்லலாமே.”

தவமலருக்கு உச்சி கொதித்தது. ஆனால் டேனிஷில் கோபப்படும்போது இலக்கணம் பிழைத்துவிடும் என்பதால் மெதுவாகத்தான் பேசினாள். “முப்பத்தொன்றும் இருபத்தேழும் ஐம்பத்தெட்டு. போட்டால் ஐம்பத்தெட்டையும் போடு. இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. கேணலின் கடிதங்களைத் தட்டச்சுப் பண்ணியதையும் நான் தரமாட்டேன்.”

“அவை காப்பகத்தின் கடிதங்கள்!”

“ஓம், காப்பகத்தின் கடிதங்கள்தான்” என்று சப்பாத்துப் பெட்டியை அவருக்கு முன்னால் தள்ளினாள். “எடு. நீயே வாசி.”

ஹென்னிங் ஒரு தாளை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் தள்ளினார், வெளிச்சத்துக்குப் பிடித்தார், உதட்டை அசைத்தார். கால் மணி நேரத்துக்குப் பிறகு “அன்புள்ள... பன்றிக்கு?” என்றார். அது தமையன் என்ற சொல். தாளைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கோப்பி போட எழும்பினார்.

பெவர்லிக்கு எழுதக் கஜந்தியின் ஆங்கிலம் தேவைப்பட்டது. மகள் முதலில் மறுத்தாள். அம்மாவுக்குத் தேவையில்லாத வேலை, யாரோ ஒரு கிழவியின் குடும்ப மானத்தை நாங்கள் ஏன் வாங்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் டேனிஷில் பொரிந்தாள். தவமலர் மாரெனின் அந்த நாலு வரியை அவளிடம் கொடுத்தாள். கஜந்தி வாசித்தாள். கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

“சரி, சொல்லுங்கோ அம்மா. எழுதுறன்” என்றாள் தமிழில்.

அனுப்பியதற்குப் பதினொரு நாள் பதிலே இல்லை. ஹென்னிங் ஒவ்வொரு காலையும் “இன்னும் ஒன்றும் இல்லையா?” என்று கேட்டு அவளுடைய எரிச்சலைக் கிளப்பினார். விழா நின்றுவிடும் என்று அவருக்குப் பயம். தவமலருக்கும் உள்ளுக்குள் பயம்தான், வெளியே காட்டவில்லை. பன்னிரண்டாம் நாள் பெவர்லி வீடியோவில் கூப்பிட்டாள். நரைத்த குட்டைத் தலைமயிர், சிவந்த மூக்கு. கஜந்தி நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள்.

“அப்படியானால் என்னுடைய பாட்டியின் பாட்டி சட்டப்படி அவருடைய மனைவியே இல்லை.”

“இல்லை” என்றாள் தவமலர்.

“கடித உறைகள் எல்லாம் வெட்டித் திறந்திருந்தன. ஒன்றுகூட ஒட்டியபடி இல்லை. நான் பார்த்தேன்.”

“ஓம். வாசிச்சிருக்கிறான்.”

“இருபத்தேழையும்?” பெவர்லி திரைக்குள் தன்னுடைய சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள், கேணல் அங்கே எங்கேயாவது நிற்கிறாரா என்று தேடுகிறவள் போல. “வாசித்து, நாடாவால் கட்டி, பூட்டி வைத்துவிட்டு, வாக்குக் கேட்கப் போயிருக்கிறார்! முட்டாள். முழு முட்டாள்.”

அந்த நிமிடத்திலிருந்து தவமலருக்கு அந்த அமெரிக்காக்காரியைப் பிடித்துப்போனது. பெவர்லி வருவதாகத்தான் சொன்னாள். ஆனால் கல்லில் மாரெனுடைய பெயர் இருக்க வேண்டும், கடைசிக் கடிதத்தை விழாவில் வாசிக்க வேண்டும் என்றாள். விருந்தாளிக்காகத்தானே இவ்வளவு ஏற்பாடும். ஹென்னிங் மறுக்க வழியில்லாமல் கல்வெட்டுகிறவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கையேட்டிலும் ஐம்பத்தெட்டுக் கடிதமும் வந்தன. முன்னுரையில் மட்டும் ‘சிக்கலான மனிதர்’ என்று கேணலைப் பற்றி எழுதினார். தவமலர் அதைப் பார்த்து மூக்கால் ஒரு சத்தம் விட்டாள்.

ஜூலை நான்காம் தேதி மழை. மேற்குக் கரையின் காற்று மழையைப் படுக்கையாக அடித்தது. இரண்டு நாட்டுக் கொடிகளும் கம்பத்தில் சுற்றிக்கொண்டன. நகர முதல்வர் இருபது நிமிடம் பிந்தி வந்து, குடைக்குள்ளிருந்து கேணலின் தொடைக் காயத்தைப் புகழ்ந்து பேசினார். கையேட்டைத் திறந்தே பார்க்கவில்லை என்று தெரிந்தது. நாகேந்திரம் தவமலரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “இஞ்சை பாரும், சும்மா இரும்.”

பெவர்லி கடைசிக் கடிதத்தை ஆங்கிலத்தில் வாசித்தாள். ஹென்னிங் அதையே டேனிஷில் வாசித்தார், நன்றாகவே வாசித்தார். ‘செத்துவிட்டாய் என்று எழுதச் சொல்’ என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள். ‘தாள் போதும்’ என்றபோது குடைகளில் மழை விழுகிற சத்தம்தான் கேட்டது.

பிறகு கல்லைப் போர்த்தியிருந்த துணியை இழுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். தவமலர் தட்டவில்லை. அவள் வழக்கம்போல ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தாள். மேலே கேணலின் பெயர், பதவி, ஆண்டுகள். கீழே: ‘அவர் மனைவி காரென் லவுரிட்ஸ்தாத்தர்.’

“கோதாரி!”

அந்த ஊர்த் தேவாலயத்துக்கு முன்னால் அவ்வளவு உரக்க ஒரு தமிழ்ச் சொல் கேட்டது அதுதான் முதல் தரமாக இருக்கும்.

“என்ன?” என்று பதறினார் நாகேந்திரம்.

“பேரைப் பாருங்கோ! மாரென் இல்லை, காரென் எண்டு வெட்டி வைச்சிருக்கிறாங்கள்!”

ஹென்னிங்கின் முகம் கல்லின் நிறத்துக்கு வந்தது. பையிலிருந்து கைபேசியை எடுத்து, தான் அனுப்பிய மின்னஞ்சலைப் பார்த்தார். பிழை அவருடையதுதான். அவருடைய மனைவியின் பெயர் காரென். நாற்பத்தைந்து வருடமாக எழுதிப் பழகிய கை. மனைவி பக்கத்தில் நின்று, மழையில் தன்னுடைய பெயரைக் கல்லில் பார்த்துக்கொண்டிருந்தாள். பெவர்லி விஷயம் விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணீர் வரும்வரை சிரித்தாள், பிறகு அது வேறு கண்ணீராகிவிட்டது. தவமலர் குடையை அவளுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது கையால்தான். வலது கை அவ்வளவுக்கு எழும்பாது.

திருத்துகிற கதை அதற்குப் பிறகும் இழுபட்டது. வெட்டிய எழுத்தை மாற்ற முடியாது, வரி முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும் என்றார் கல்வெட்டுகிறவர். ஓகஸ்டில் அவருக்கு விடுமுறை. செப்டம்பரில் மெஷின் பழுது. ஒருநாள் ஹென்னிங் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஓர் எழுத்துத்தானே, தவா. யாரும் கவனிக்கமாட்டார்கள்.”

“அவள் பதினைந்து வருடம் ஒரு தாளுக்கு நின்றாள்” என்றாள் தவமலர். “பெயரையாவது சரியாகக் கொடு.”

ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை கல்வெட்டுகிறவர் வந்தார். தவமலர் அன்று வேலை நாள் இல்லாமலே பேருந்தில் போய் இறங்கினாள். பெயரைப் பெரிய அச்செழுத்தில் எழுதிய தாளொன்றை அவரிடம் கொடுத்தாள். தன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றார் அவர். இதையும் வைத்துக்கொள் என்றாள். அவர் தேய்க்கும்போது தூசு பறந்தது; அவள் இரண்டடி பின்னால் போனாள், அதற்கு மேல் நகரவில்லை. M, a, r, e, n. ஒவ்வொன்றும் முடியும்போது குனிந்து பார்த்தாள். தகப்பன் பெயரின் கடைசி எழுத்து முடிந்து, அவர் தூசியை ஊதித் தள்ளிய பிறகுதான் பேருந்துத் தரிப்புக்கு நடந்தாள். தேய்த்த இடம் மற்றப் பகுதியை விடக் கொஞ்சம் வெளிறி, ஒரு விரல் கனம் உள்ளே போயிருந்தது. அதனால் தூரத்திலிருந்து பார்க்கும்போது கேணலின் பெயருக்கு முன்னால் அந்த வரிதான் கண்ணில் பட்டது.

அடுத்த கிழமை ஹென்னிங் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து அவளுடைய மேசையில் வைத்தார். ஒரு கப்பல் தலைவனின் நாட்குறிப்புகள், சீனா வரை போனவனாம், ஊருக்கே பெருமையாம்.

“கல்யாணம் முடித்தவனா?” என்று கேட்டாள் தவமலர்.

“தெரியாதே.”

“அப்படியென்றால் முதலில் தேவாலயப் பதிவேட்டைக் கொண்டுவா” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள். ஹென்னிங் கோப்பிகூடப் போடாமல் அலமாரியடிக்குப் போனார்.